கிட்டப்பாவை எப்படிக் கேட்கணும்? நெல்லைச் சீமையின் இசைத்தட்டுக் காதலர்கள்!

பாட்டு தொடங்குவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும்.

உறையிலிருந்து தட்டை எடுக்கும்போது விரல் வரிகளில் படக்கூடாது. ஓரத்தையும் நடுவிலுள்ள லேபிளையும் மட்டும்தான் பிடிக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் லேசாகச் சாய்த்துப் பார்த்தால் கீறல் எங்கே, தேய்மானம் எங்கே என்று தெரியும். பிறகு மெல்லிய துணி. வரி எப்படிச் சுற்றிப் போகிறதோ அதே போக்கில் துடைக்க வேண்டும்; குறுக்கே இழுத்தால் தூசி உள்ளேயே தங்கிவிடும். கிராமபோன் பெட்டிக்குச் சாவி கொடுத்து, பழைய ஊசியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது ஊசி மாட்டியாக வேண்டும். இரும்பு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று. "இன்னொரு பக்கம் தாங்கும்" என்று கஞ்சத்தனம் பார்த்தால் ஊசிக்குப் பதிலாகத் தட்டு தேய்ந்துவிடும்.

இவ்வளவும் செய்தால் கிடைப்பது மூன்று நிமிஷம், மிஞ்சினால் இன்னும் சில நொடி. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் அதற்கு மேல் கொள்ளாது. அந்த மூன்று நிமிஷமும் யாரும் எழுந்து போக மாட்டார்கள், பேச மாட்டார்கள். முடிந்ததும் "இன்னொருக்கா போடுங்க அண்ணாச்சி" என்று ஒரு குரல் வரும். மறுபடியும் சாவி, மறுபடியும் புது ஊசி.

விரலால் தள்ளிவிட்டு அடுத்த பாட்டுக்குத் தாவும் காலத்தில் இது கொஞ்சம் பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். ஆனால், இந்தப் பைத்தியம் இல்லாவிட்டால் தாமிரபரணிக் கரையின் மிகப் பெரிய குரல் ஒன்று இன்று நம் காதுக்கு வந்திருக்காது.

படத்தில் இல்லாத பாடகர்

செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா பிறந்தது 1906-ல். அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்து திருநெல்வேலி மாவட்டமானது. இப்போது தென்காசி மாவட்டம். குற்றாலச் சாரல் அடிக்கும் ஊர். அங்கே ஓடும் தண்ணீர் சிற்றாற்றில் கலந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது.

சின்னப் பையனாக நாடகத்தில் நுழைந்தவர் கிட்டப்பா. கன்னையா கம்பெனி நாடகங்கள் அவரைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோயின. மைக் இல்லாத மேடை. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்க வேண்டும். மேல் ஸ்தாயியில் குரல் கிழியவும் கூடாது. வித்வான்கள் கச்சேரியில் பாடும் கீர்த்தனையை அவர் நாடக மேடையில் நின்று பாடினார், அதற்குச் சங்கீதம் தெரிந்தவர்களும் டிக்கெட் வாங்கி வந்தார்கள். கொடுமுடி கே.பி.சுந்தராம்பாளோடு அவர் ஜோடி சேர்ந்த கதையையும், அவர் போன பிறகு சுந்தராம்பாள் வெள்ளைப் புடவைக்கு மாறிய கதையையும் தமிழ்நாட்டில் மூன்று தலைமுறை பேசிவிட்டது.

1933 டிசம்பரில் கிட்டப்பா காலமானார். வயது 27.

முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' வெளியானது 1931-ல். இன்னும் இரண்டு, மூன்று ஆண்டுகள் இருந்திருந்தால் சினிமா அவரை விட்டிருக்காது. சுந்தராம்பாளை நாம் 'ஔவையார்' படத்தில் பார்க்கலாம், கேட்கலாம். கிட்டப்பாவுக்குப் படமும் இல்லை, கச்சேரிப் பதிவும் இல்லை. இருப்பதெல்லாம் இசைத்தட்டுகள். விடிய விடிய நடந்த நாடகங்களிலிருந்து நமக்கு மிஞ்சியது சில மூன்று நிமிஷத் துண்டுகள் மட்டுமே. 'எவரனி' என்ற தியாகராஜர் கீர்த்தனையை அவர் பாடிய தட்டைக் கேட்டவர்கள், அதே கீர்த்தனையை வேறு யார் பாடினாலும் மனதுக்குள் கிட்டப்பாவோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க மாட்டார்கள். 'காமி சத்தியபாமா'வும் அப்படித்தான்.

ஆகவேதான், கிட்டப்பா தட்டு வைத்திருப்பவர்கள் அதைக் கேட்கும் விதமே தனி. முதல் தடவை பாட்டைக் கேட்பார்கள். இரண்டாம் தடவை மூச்சு எங்கே எடுக்கிறார் என்று கவனிப்பார்கள். மூன்றாம் தடவை பாட்டை விட்டுவிட்டுப் பின்னால் போகும் ஹார்மோனியத்தில் காதை வைப்பார்கள். பாடகர் மூன்று நிமிஷத்தில் முடிக்க வேண்டிய அவசரத்தில் எதை விட்டார், எதைச் சுருக்கினார் என்பது நாலாவது தடவைதான் புலப்படும். திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி. தன் வட்டத்தொட்டியில் ஒரே பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்பச் சொல்லி, நண்பர்களோடு அனுபவித்த ஊர் அல்லவா! கம்பனுக்கு அவர் செய்ததைத்தான் இவர்கள் கிட்டப்பாவுக்குச் செய்கிறார்கள்.

ஐந்து சுற்று, அரைக் கட்டை

இந்தக் கூட்டத்தில் சண்டை வருவது ஒரே விஷயத்துக்குத்தான். வேகம்!

இந்தத் தட்டுகளை '78' என்கிறோம். நிமிஷத்துக்கு 78 சுற்று என்று பொருள். ஆனால், அந்தக் காலத்துத் தட்டு எல்லாமே சரியாக 78-ல் பதிவானதென்று நம்ப முடியாது. சில கொஞ்சம் மெதுவாகப் பதிவாயின, சில வேகமாக. நிமிஷத்துக்கு நான்கைந்து சுற்று கூடினாலே சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை ஏறிவிடும். குரல் மெலிந்து, பாட்டு ஓடும். குறைத்து வைத்தால் அதே குரல் கனத்துத் தூங்கும். கிட்டப்பாவோ உச்ச ஸ்தாயியில் நின்று விளையாடியவர். இன்று கைபேசியில் நாம் கேட்கிற உயரம் அவருடைய நிஜமான உயரமா, அல்லது யாரோ வேகத்தைச் சரிபார்க்காமல் ஏற்றிவிட்டதா? இதைக் கண்டுபிடிக்கக் காது மட்டும் போதாது. பக்கத்தில் சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு, ஹார்மோனியம் எந்தக் கட்டையில் உட்காருகிறது என்று பார்ப்பார்கள். ஹார்மோனியத்தின் சுருதியைப் பாடகர்போல நினைத்தபடி மாற்ற முடியாது. அதனால் அது நல்ல சாட்சி. தட்டைச் சுற்றும் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, வாத்தியமும் குரலும் இயல்பாக ஒலிக்கும் இடத்தில் நிறுத்துவார்கள். "இதுதான் செங்கோட்டைக் குரல்" என்று ஒருவர் சொல்ல, "இல்ல, இன்னும் அரைச் சுத்து குறைக்கணும்" என்று இன்னொருவர் சொல்ல, அந்தச் சாயங்காலம் அதிலேயே போய்விடும்.

இந்த நுணுக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. அமெரிக்காவில் லூயி ஆர்ம்ஸ்ட்ராங், கிங் ஆலிவர் குழுவோடு 1923-ல் இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்ட் ஊரில் வாசித்த ஜாஸ் தட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது மைக் கிடையாது, ஒரு பெரிய குழாய்க்கு முன்னால் நின்று வாசிப்பார்கள். ஆர்ம்ஸ்ட்ராங்கின் கார்னெட் மற்றவர்களை அமுக்கிவிட்டதால், அவரைக் குழாயிலிருந்து தள்ளி நிற்க வைத்ததாகச் சொல்வார்கள். இன்றைக்கும் ஜாஸ் பித்தர்கள் அந்தத் தட்டில் 'தூரத்தில் நிற்கும் ஆர்ம்ஸ்ட்ராங்'கைத் தேடித்தான் கேட்கிறார்கள்.

நம் நாட்டிலும் அந்தக் குழாய்க் காலம் உண்டு. 1902-ல் கல்கத்தாவில் பாடிய கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்லி முடிப்பார். தட்டு அச்சாவது ஜெர்மனியில். அங்கே இருப்பவர்களுக்கு யார் பாட்டு, எந்த லேபிள் ஒட்டுவது என்று தெரிய வேண்டுமே!

இன்னொரு உறவும் இருக்கிறது. இந்த 78 தட்டுகளின் முக்கியச் சரக்கு ஷெல்லாக். அரக்குப் பூச்சி மரக்கிளைகளில் சுரக்கும் பிசின் அது. நம் வீட்டில் தபாலுக்கு முத்திரை வைக்கும் அரக்கின் அக்காள், தங்கை. அதை உலகத்துக்குப் பெருமளவில் அனுப்பியது இந்தியா. ஆக, நியூ ஆர்லியன்ஸ்காரரின் ஜாஸும் வியன்னாவின் சிம்பொனியும் செங்கோட்டைக்காரரின் நாடகப் பாட்டும் பெரும்பாலும் இந்தியக் காட்டு அரக்கில்தான் பதிந்தன. இரண்டாம் உலகப் போரில் அரக்கு வரத்து குறைந்தது. 1942-ல் அமெரிக்க அரசு, தட்டுக் கம்பெனிகள் பயன்படுத்தும் ஷெல்லாக்கை 70 சதவீதம் வெட்டியது. பழைய தட்டைக் கொடுத்தால்தான் புதுத் தட்டு என்ற நிலை வந்தது. வாங்கிய பழைய தட்டுகளை உடைத்து அரைத்தார்கள். எத்தனை குரல்கள் அந்த அரவையில் போயிருக்கும்!

போருக்கு முன்பே மூடிப்போன கம்பெனிகளின் கதை இன்னும் மோசம். விஸ்கான்சினில் இருந்த பாரமவுண்ட் இசைத்தட்டுக் கம்பெனியின் உலோக மூல அச்சுகள் பழைய இரும்பு விலைக்குப் போயின. அங்கே பதிவான ப்ளூஸ், ஜாஸ் பாட்டுகள் பலவற்றை இன்று கேட்க முடிகிறதென்றால், அது யாரோ சேகரித்து வைத்த தேய்ந்த தட்டுகளின் புண்ணியம்தான்.

மைக் செட் தட்டும் வீட்டுத் தட்டும்

நெல்லைப் பக்கம் தட்டுகள் வீட்டில் மட்டும் சுற்றவில்லை. கோயில் கொடை, கல்யாணம், சடங்கு என்றால் ரேடியோ செட்டுக்காரர் வந்துவிடுவார். தென்னை மரத்தில் குழாய் கட்டி, பெட்டி நிறையத் தட்டுகளோடு விடிகாலையிலேயே ஆரம்பித்துவிடுவார். முதலில் சாமி பாட்டு, பிறகு நாயனம், பொழுது ஏறியதும் சினிமா. கொடை முடிகிற வரை ஒரே தட்டு இருபது, முப்பது தடவை ஓடும். ஊசியை யார் மாற்றினார்கள்!

அதனால் சேகரிப்பவர்கள் தட்டைக் கையில் வாங்கிப் பார்த்ததுமே ஜாதகம் சொல்லிவிடுவார்கள். வரிகள் வெளுத்துச் சாம்பல் நிறத்தில் இருந்தால் அது மைக் செட் தட்டு. கறுப்பு மின்னினால் வீட்டுத் தட்டு. லேபிளில் கம்பெனி முத்திரையோடு ஏலத்தில் வாங்கிய ரப்பர் ஸ்டாம்பும் இருந்தால், ஏதோ நாடகக் கொட்டகையோ சினிமாக் கொட்டகையோ கண்ட தட்டு. சொல்லப்போனால் வெளுத்த தட்டுக்கும் ஒரு மரியாதை உண்டு. ஊரே கேட்ட தட்டுதானே அப்படி வெளுக்கும்!

அப்படி வெளுத்த தட்டுகளில் காருகுறிச்சி அருணாசலம் நிச்சயம் இருப்பார்.

சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவே, மண்பானைக்குப் பேர்போன சின்ன ஊர் காருகுறிச்சி. அங்கே 1921-ல் பிறந்தவர் அருணாசலம். திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளைக்குச் சீடராகி, அவரோடு சேர்ந்து வாசித்து, பிறகு தனியாக நின்றார், வீடு கோவில்பட்டியில். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ்.ஜானகியின் குரலும் காருகுறிச்சியின் நாயனமும் ஒன்றையொன்று துரத்தும் 'சிங்கார வேலனே' பாட்டு அவரை நாயனமே கேட்காதவர்கள் வீட்டுக்கும் கொண்டுபோனது. இரண்டே ஆண்டில், 1964-ல் அவரும் போய்விட்டார்.

சினிமாப் பாட்டோடு காருகுறிச்சியை முடித்துக்கொள்பவர்களைக் கண்டால் சேகரிப்பவர்களுக்குக் கோபம் வரும். நியாயம்தான். அவர்கள் கேட்கும் முறை வேறு. முதலில் ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் போடுவார்கள். அது அடங்கியதும் சற்று நேரம் சும்மா இருப்பார்கள். பிறகு சீடர். குரு எந்த இடத்தில் ஓங்கி அடித்துவிட்டுப் போகிறாரோ அந்த இடத்தில் சீடர் குழைந்து இறங்குவார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால்தான் இது தெரியும். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் 'நல்ல தோடி' என்பதோடு நின்றுவிடும். நாயனத்தோடு தவில் எங்கே அடங்கி வாசிக்கிறது, ஒத்து எங்கே தேய்கிறது, அசுர வேகத்தில் போகும்போது மூச்சு எங்கே மாறுகிறது என்று கவனிப்பதற்குத் தட்டைப்போல வசதியானது இல்லை. கோயில் வீதியில் சாமியோடு நடந்து கேட்ட நாயனத்தைத் திரும்ப நிறுத்திக் கேட்க முடியாதே!

தட்டின் மூன்று நிமிஷம் நாயனத்துக்குப் பெரிய அநியாயம். ஒரு ராகத்தை மணிக்கணக்கில் விரிக்கிறவர்களைச் சின்ன டப்பாவில் அடைத்ததுபோல. அதனால்தான் வானொலியும் ஸ்பூல் டேப்பும் வந்தபோது ரசிகர்கள் விழுந்தடித்து வாங்கினார்கள். 1939-ல் தொடங்கிய திருச்சி வானொலியில் வரும் நாயனக் கச்சேரிக்காக வால்வு ரேடியோ முன்னால் கூட்டம் கூடியது. இலங்கை வானொலி நெல்லை, தூத்துக்குடி பக்கம் உள்ளூர் நிலையம்போலத் துல்லியமாகக் கேட்டது. திருநெல்வேலிக்கென்று வானொலி நிலையம் வந்தது 1963 டிசம்பரில். அதற்குப் பிறகு காருகுறிச்சி உயிரோடு இருந்தது சில மாதங்கள் மட்டுமே. வானொலியிலிருந்தும் கல்யாணப் பந்தலிலிருந்தும் ஆர்வலர்கள் ஸ்பூலில் பிடித்து, பிறகு கேசட்டுக்கு மாற்றி, கை மாறி வந்தவைதான் இன்று இணையத்தில் கிடைக்கும் நீளமான காருகுறிச்சிப் பதிவுகளில் பல. நடுவில் குழந்தை அழும், யாரோ "காபி வந்துட்டு" என்பார்கள். சேகரிப்பவர்கள் அதை வெட்ட மாட்டார்கள்.

இப்படிப் பிடித்து வைப்பதில் உச்சம் டீன் பெனடெட்டி. சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரின் மேல் அவருக்கு அப்படியொரு பித்து. 1947, 48-ல் பார்க்கர் வாசித்த கிளப்புகளுக்கெல்லாம் பதிவுக் கருவியோடு போனார். பார்க்கர் வாசிக்கும்போது கருவியை ஓட்டுவார், மற்றவர்கள் முறை வந்தால் நிறுத்திவிடுவார்! பல ஆண்டுகள் இருக்குமிடம் தெரியாமல் கிடந்த அந்தப் பதிவுகள் 1990-ல் வெளிவந்தன. கூட வாசித்தவர்கள் பாவம்தான். ஆனால், பார்க்கர் அந்த இரவுகளில் என்ன வாசித்தார் என்பது அவரால்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

தட்டில் ஏறாதவர்கள்

சேகரிப்பவர்களிடம் உட்கார்ந்து பேசினால் இருக்கிற தட்டுகளைவிட இல்லாத குரல்களைப் பற்றித்தான் பேச்சு போகும்.

தாமிரபரணிக்கு வடக்கே கரிசல் பூமியில் விளாத்திகுளம் சுவாமிகள் இருந்தார். நல்லப்ப சுவாமிகள், 1889-ல் பிறந்து 1965-ல் மறைந்தவர். ராக ஆலாபனைக்கென்றே பேர்வாங்கியவர். இடைசெவல் கி.ராஜநாராயணன் அவரிடம் சில காலம் சங்கீதம் பயின்றவர். கிட்டப்பாவைப்போலத் தட்டுகளில் ஏறி ஊர் ஊராகப் போனவரல்லர் சுவாமிகள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்கள் சொன்னதையும் எழுதியதையும் வைத்துத்தான் நாம் அவர் சங்கீதத்தை ஊகிக்க வேண்டியிருக்கிறது. எட்டயபுரத்து பாரதி 1921-ல் இறந்தார். கிராமபோன் அதற்கு முன்பே இந்த நாட்டுக்கு வந்துவிட்டது. தன் பாட்டுகளை ராகத்தோடு தானே பாடியவர் அவர். ஒரு தட்டு, ஒரே ஒரு பக்கம்... யாருக்கும் தோன்றவில்லை. ஜாஸ் உலகத்திலும் பட்டி போல்டன் என்றொருவர் உண்டு. நியூ ஆர்லியன்ஸில் ஜாஸுக்கு முதல் அடி போட்டவர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். அவர் ஊதியதில் ஒரு நொடிகூட இன்று கேட்கக் கிடையாது.

இந்த வருத்தம்தான் சேகரிப்பவர்களைப் பரண் பரணாக ஏற வைக்கிறது. உங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தா காலத்துத் தட்டுகள் கிடக்கலாம். கிடந்தால் அவசரப்பட்டுப் பழைய பேப்பர்காரரிடம் எடை போட வேண்டாம். முதலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதைப் பிரித்து, புத்தகம்போல நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைத்தால் பாரத்தில் அடித்தட்டு விரியும். திருநெல்வேலி வெயிலில் வளைந்தும் போகும். தென்காசி, செங்கோட்டைப் பக்கமென்றால் சாரல் மாதங்களில் காகித உறையில் பூஞ்சை பிடிக்கும், உறையை மாற்றுங்கள். பளிச்சென்று ஆக்குகிறேன் என்று ஸ்பிரிட், சானிட்டைசர் எதையும் ஊற்றிவிடாதீர்கள். ஷெல்லாக் அதில் கரையும், பாட்டும் சேர்ந்து கரையும். எல்.பி. தட்டுக்கான ஊசியை இதன்மேல் வைக்காதீர்கள். 78-ன் வரி அகலம். அந்தச் சின்ன ஊசி அடியில் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும். 78-க்கென்றே தனி ஊசி கிடைக்கிறது.

தட்டை ஓட்டுவதற்கு முன்பே அதைப் படம் பிடித்துவிடுவது நல்லது. லேபிள் தெளிவாகத் தெரிய வேண்டும். லேபிளுக்கும் கடைசி வரிக்கும் நடுவே வெறுமையாக இருக்கும் வளையத்தில், சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால், சில எழுத்தும் எண்ணும் செதுக்கியிருக்கும். பதிவு செய்தபோது போட்ட எண் அது. லேபிள் கிழிந்து போனாலும், பெயர் அழிந்து போனாலும், பாடியவர் யார் என்று கண்டுபிடிக்க அந்த எண் போதும். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்போல இசைத்தட்டுகளையும் பாதுகாக்கும் இடங்கள் இருக்கின்றன. 78 தட்டுகளைக் கணினிக்கு மாற்றி இணையத்தில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் முதலில் அனுப்ப வேண்டியது அந்த எண்ணைத்தான். தட்டு உடைந்திருந்தாலும் துண்டுகளை எறியாதீர்கள். எண் எந்தத் துண்டில் இருக்கிறது என்று பாருங்கள்.